அடிப்பார மணல்

ஞானபாய்க்குத் தன் மேலதிகாரி தாணுலிங்கத்தின் மேல் கோபம் வந்ததே கிடையாது. கோபப்பட வேண்டுமானால் அந்த மனிதரிடம் ஏதாவது எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரிடம் அவள் எதிர்பார்த்ததெல்லாம் தன் மேசைமேல் வெற்றிலைக் காம்பைப் போடாமல் இருப்பது ஒன்றுதான். அதுவும் நடக்கவில்லை.

அவள் சாயர்புரத்துக்காரி. சென்னையில் தங்கி ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் 1943-ல் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு பழைய கிட்டங்கியின் மாடியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஆபீஸ் என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். அங்கே டெக்னிக்கல் அசிஸ்டெண்ட். தற்காலிகம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பு.

டெல்லியிலிருந்து ஒரு பட்டியல் வரும். அந்நியர் கைக்குப் போகக் கூடாத புது மாதிரிக் கருவிகள், அவற்றுக்கு வேண்டிய தாதுக்கள், உதிரி சாமான்கள் எல்லாம் அதில் இருக்கும். கப்பலிலும் தோணியிலும் வெளியே போகிற சரக்கில் அவை ஒளிந்திருக்கின்றனவா என்று அவள் பார்க்க வேண்டும். இருந்தால் அது என்ன, ஏன் தடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பார்ப்பது அவள். கையெழுத்து தாணுலிங்கத்துடையது.

தாணுலிங்கம் நெற்றி நிறைய விபூதியோடு காலையில் வந்து அந்தப் பட்டியலை ஒருமுறை பாராயணம் செய்வார். பொருள் தெரியாமல் செய்வார். பட்டியலில் 'வால்வு' என்று இருந்தது. ரேடியோவுக்குள் சிவப்பாக எரியும் கண்ணாடிக் குழல் அது. அவரோ கொழும்புக்குப் போக இருந்த சைக்கிள் டியூப் வால்வுகளை மூன்று மாதம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதே வாரம் 'கண்ணாடி பல்பு' என்று எழுதி வந்த நிஜமான ரேடியோ வால்வுகள் அவர் கையெழுத்தோடு கப்பலேறின. 'கிரிஸ்டல்' என்று இன்னொரு வரி. ரேடியோ அலையை நிலையாகப் பிடித்து வைக்கும் படிகக் கல். உடன்குடி வியாபாரி ஒருவர் தன் பனங்கற்கண்டு இன்வாய்ஸில் இங்கிலீஷில் கிரிஸ்டல் என்று எழுதிவிட்டார். அந்தப் பாவத்துக்கு இருபது மூட்டைக் கற்கண்டு ஜெட்டியில் மழையில் கிடந்து இளகியது.

ஞானபாய் ஒரு கட்டியை எடுத்து வந்து அவர் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டாள். "சார், இனிக்குது."

"அது உங்க அபிப்பிராயம். எழுதிக் குடுங்க," என்றார்.

'மேற்படி படிகம் இனிக்கிறது' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதை ஃபைலில் சேர்த்து, நூல் போட்டுக் கட்டினார்.

இப்படி நாலு வருஷம். ஊரில் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். படித்த கிறிஸ்தவப் பெண் வேறு என்னவாக இருக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். ஏரலில் கடை வைத்திருந்த அண்ணன் மாதம் ஒரு மாப்பிள்ளையைக் கடிதத்தில் அனுப்பினான். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சென்னையிலிருந்து தருவித்த விஞ்ஞானப் பத்திரிகைகளைப் படித்தாள். ஜப்பானில் குண்டு விழுந்த பிறகு டெல்லிப் பட்டியலில் புதிதாகச் சில தாதுக்களின் பெயர்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று மோனசைட். தோரியம் என்னும் உலோகம் அதில் இருக்கிறது. நாளைக்கு அணுசக்தி உலைகளுக்கு அது எரிபொருளாகலாம் என்று பத்திரிகைகள் எழுதின.

"மோனசைட்னா என்னம்மா, வயித்து வலி மருந்தா?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"ஒரு வகை மணல் சார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கிடைக்கும்."

"மணலா!" அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "மணலுக்கு டெல்லியில பட்டியல் போடுதான் பாருங்க."

சுதந்திரம் வந்து ஒரு மாதம் கழித்து, 1947 செப்டம்பரில், நிலாவரை இலை வியாபாரி செந்தூர்பாண்டியின் மனு வந்தது. மலச்சிக்கல் மருந்துக்காகச் சீமைக்குப் போகும் இலை அது. தூத்துக்குடியில் பலருக்கு அதில்தான் பிழைப்பு. செந்தூர்பாண்டி ஊரில் பெரிய மனிதர். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தால் ஒவ்வொரு பெஞ்சிலும் தன் பெயரை வெட்டச் சொல்பவர். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி தன் கிட்டங்கி வாசலில் கொடியேற்றி, தேசத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று தொண்டை கம்மப் பேசியிருந்தார். மனுவில் 'நிலாவரை இலை முந்நூறு பேல், கொழும்புக்கு, ரோச் தண்டலின் தோணியில்' என்று இருந்தது. தண்டல் என்றால் தோணியின் தலைவர். அடியில் சின்ன எழுத்தில், 'அடிப்பாரம்: மணல்'.

அதில் தப்பு ஒன்றுமில்லை. இலை லேசான சரக்கு. தோணி காற்றில் கவிழாமல் இருக்க அடித்தட்டில் மணலோ கல்லோ போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு லைசென்ஸும் வேண்டியதில்லை. ஞானபாய் இலை வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் ஜெட்டிக்குப் போனாள்.

அன்று மேற்குக் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. ஜெட்டி மணல் பறந்து சேலையெல்லாம் அப்பியது. தோணிப் பக்கத்தில் குவிந்திருந்த ஒரு மணல் மட்டும் அசையாமல் கிடந்தது. அவள் நின்றுவிட்டாள். பொடித்த பனங்கற்கண்டு போல மஞ்சளும் பழுப்புமான நிறம். பக்கத்தில் சில மூட்டைகள். எல்லாம் பாதிதான் நிறைந்திருந்தன. அந்தப் பாதி மூட்டையைத் தூக்க இரண்டு பேர் முக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஈயம் மாதிரி கனக்கு டீச்சர்," என்றான் ஒருவன். "மணவாளக்குறிச்சியிலேருந்து லாரியில வந்திச்சு. செந்தூர்பாண்டி அண்ணாச்சி சொன்னாவ, ஒரு குத்து கூடக் கீழ சிந்தப்பிடாதுன்னு."

காலடியில் பறந்துகொண்டிருக்கும் மணலை விட்டுவிட்டு, பெட்ரோலுக்கு ரேஷன் இருக்கிற காலத்தில், தொண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து லாரியில் அடிப்பாரம் கொண்டுவருகிற வியாபாரியை அவள் அதுவரை பார்த்ததில்லை. கைக்குட்டையில் அந்த மணலை அள்ளி முடிந்துகொண்டாள். ஒளித்துச் செய்வதைக்கூட இவ்வளவு மட்டமாகச் செய்கிறார்களே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் தாணுலிங்கத்தை ஏமாற்ற இதற்கு மேல் எதற்கு?

அறைக்குப் போய் நிறுத்துப் பார்த்தாள். ஜெட்டி மணலைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. காந்தத்தைக் காட்டினாள். ஒட்டிய கறுப்புத் துகள்கள் போக மஞ்சள் அப்படியே மிஞ்சியது. அது போதாது. தாணுலிங்கத்திடம் எடையையும் காந்தத்தையும் பேசினால் அவர் கொட்டாவி விடுவார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோ மாடக்கண்ணுவிடம் போய், கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடிப் பிளேட் ஒன்று கேட்டாள். அதன்மேல் ஆபீஸ் அலமாரியின் சாவியை வைத்து, சாவி மறையும்படி மணலைப் பரப்பி, டார்க் ரூம் மூலையில் வைத்துவிட்டு வந்தாள்.

"வெளிச்சமே படாம என்னத்த டீச்சர் போட்டோ விழும்?" என்றான் மாடக்கண்ணு.

"விழுந்தா சொல்லுதேன்."

இலை பேல்கள் ரயிலில் வரத் தாமதமானதால் தோணி புறப்படவில்லை. பத்து நாள் கழித்து மாடக்கண்ணு பிளேட்டைக் கழுவினான். கழுவியவன் வாயைப் பிளந்தான். பிளேட் முழுக்கக் கறுத்திருக்க, நடுவே பல்லும் வளையமுமாகச் சாவி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தாளை ஊடுருவி வந்த கதிர், இரும்பை ஊடுருவ முடியாமல் நின்றுவிட்டது. மாடக்கண்ணு பிளேட்டை அவள் கையில் கொடுத்ததும் நன்றாக விலகி நின்று, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். அந்த ஊரில் அன்று புத்தியோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான் என்று ஞானபாய் பின்னால் சொல்வதுண்டு.

மறுநாள் மூன்று பக்க அறிக்கையும் பிளேட்டும் தாணுலிங்கத்தின் மேசைக்குப் போயின. செந்தூர்பாண்டியும் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கம் பிளேட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "சாவிக்கு என்னத்துக்கும்மா போட்டோ?"

"சாவியை விடுங்க சார். அந்தக் கறுப்பைப் பாருங்க. வெளிச்சமில்லாம மணல்லேருந்து வந்த கதிர் அது. அடிப்பாரம்னு போறது மோனசைட்."

செந்தூர்பாண்டி டம்ளரை வைத்தார். "டீச்சரம்மா, பிள்ளைகளுக்கு வித்தை காட்டுத எடமா இது? மணலு மணலுதான். ஆபீசரே, நீரு சொல்லும் வே."

தாணுலிங்கம் பட்டியலை எடுத்து, வரிமேல் விரல் வைத்தார். "இங்கன என்ன போட்டிருக்கு? மோனசைட். மனுவுல என்ன போட்டிருக்கு? மணல். ரெண்டும் வேற வேற வார்த்தை. நான் வார்த்தையைத்தான் பாக்க முடியும்."

"அவரு மனுவுல தங்கத்தைத் தவிடுன்னு எழுதினா?"

"தவிடு பட்டியல்லயே இல்லம்மா," என்றார் அவர் பொறுமையாக.

ஞானபாய் அவரைப் பார்த்தாள். லஞ்சம் வாங்கினாரா என்றால், அநேகமாக அந்தக் காப்பியைத் தவிர ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார். காசு வாங்கியிருந்தாலாவது தான் செய்கிற காரியம் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குக்கூட அந்த மனிதர் லாயக்கில்லை. அவர் மனுவில் கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதினார். டெல்லிக்கு எழுதலாம், அவர் வழியாகத்தான் எழுத வேண்டும். மீறித் தந்தியடித்தாலும் பதில் வரும் முன் தோணி கொழும்பு போய்விடும்.

மறுநாள் விடிந்ததும் அவள் நேரே ஜெட்டிக்குப் போனாள். மணல் எல்லாம் தோணிக்குள் ஏறிவிட்டது. இலை பேல்கள் இனிமேல்தான் ஏற வேண்டும். ரோச் தண்டல் தோணியின் விளிம்பில் நின்று, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை, சட்டையில்லாத உடம்பு. அந்தக் கடலில் முப்பது வருஷமாகத் தோணி ஓட்டுகிறவர்.

"தண்டல், இந்த அடிப்பாரம் யாருக்குள்ளது?" என்று கேட்டாள்.

"அடிப்பாரம் எப்பவும் தண்டலுக்குள்ளது. வேண்டியப்ப போடுவேன், வேண்டாட்டிக் கடல்ல தள்ளுவேன். அதை யாரும் கேக்க முடியாது."

"கொழும்புல இதை என்ன செய்யப் போறீக?"

"அண்ணாச்சி ஆளுக வந்து அள்ளிக்கிடுவாங்களாம். தோணியைக் கழுவியும் தருவாங்களாம். நல்ல மனுசன்."

ஞானபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருசத்துல உங்க அடிப்பாரத்தை எவனாவது வந்து அள்ளிட்டுப் போயிருக்கானா? உங்க தோணியைக் கழுவியிருக்கானா?"

ரோச் கழுத்துச் சிலுவையை விரலால் திருகினார்.

"அது மணலில்ல, சரக்கு. அணுகுண்டுக்காரங்க தேடுத சரக்கு. இலையைவிட விலை கூடினது. சரக்குன்னு எழுதினா மாட்டிக்கிடுவாரு. அதான் உங்களை மணல் வண்டியாக்கி ஏத்தி அனுப்புதாரு. அங்க சுங்கத்துல பிடிச்சா நீங்கதான் உள்ள போவீக. அவரு இங்கன கொடியேத்திட்டு இருப்பாரு."

"டெல்லிச் சட்டம் எனக்கெதுக்கு டீச்சர்," என்று எரிந்து விழுந்தார் ரோச். "சட்டம் பேசுதவனெல்லாம் ஒரே கூட்டம்." ஆனால் அவர் முகம் மாறியிருந்தது. தோணியை மறுபடி பார்த்தார். "நேத்தே நெனச்சேன். இம்புட்டு மணலுக்குத் தோணி இம்புட்டுத் தாழக் கூடாதேன்னு. காத்துல இது வெறச்சு, வெடுக்கு வெடுக்குன்னு ஆடும். பாய்மரம் முறிஞ்சா ஏழு பேரும் மீனுக்கு எரை." சற்று நேரம் தாடையைச் சொறிந்தார். "என்னையப் பாத்தா கேனப்பயலாட்டம் இருக்காமா அவனுக்கு?"

அவள் அதற்கு மேல் பேசாமல் வந்துவிட்டாள். தேசம், அணுசக்தி, நாளைய உலகம் எதுவும் அங்கே எடுபடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு தண்டலின் ரோஷம் எடுபட்டது. டெல்லியில் பட்டியல் போட்டவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு ரோச்சின் தோணி ஜெட்டியை விட்டு விலகியது. துறைமுக எல்லையைத் தாண்டி, கரையிலிருந்து பார்த்தால் ஆள் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டது. பிறகு ஏழு பேரும் வரிசையாக நின்று, ஓலைக் கடகப் பெட்டியில் மணலை அள்ளி அள்ளிக் கடலில் கொட்ட ஆரம்பித்தார்கள்.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஞானபாய் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் செந்தூர்பாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெட்டியில் ஓடினார். பின்னால் தாணுலிங்கம் குடையோடு ஓடினார். அவளும் இறங்கிப் போனாள். இதை ஜன்னலிலிருந்து பார்த்தால் போதாது.

செந்தூர்பாண்டி ஒரு வள்ளத்தைப் பிடித்துத் தோணிக்கு அருகே போய்க் கத்தினார். "ஏலே ரோச், நிறுத்துலே! என்னலே செய்யுத?"

"தோணி தாழுது அண்ணாச்சி. அடிப்பாரத்தைக் கொறைக்கேன்."

"அதைக் கொட்டாதலே! அது... அது..."

"அது என்ன அண்ணாச்சி? சொல்லுங்க." ரோச் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "வெறும் மணலுதான? கரையில வண்டி வண்டியாக் கெடக்கு. நான் அள்ளிப் போட்டுக்கிடுதேன். மணலுக்கா இப்படித் துடிக்கீரு?"

வள்ளக்காரன் சிரித்தான். ஜெட்டியில் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். செந்தூர்பாண்டிக்குச் சரக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை, மணல் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. தன் கையால் எழுதிய வார்த்தையே அவரைக் கட்டிப் போட்டது. கரைக்குத் திரும்பி தாணுலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார். "ஆபீசர்னு குடை பிடிச்சிட்டு நிக்கீரே, தடுத்து நிறுத்தும் வே!"

தாணுலிங்கம் உண்மையாகவே யோசித்தார். "மணலைத் தடுக்கப் பட்டியல்ல எடமில்லையே அண்ணாச்சி," என்றார்.

மத்தியானம் வரை கொட்டினார்கள். ஜெட்டியில் ஒரு பெஞ்சு கிடந்தது. செந்தூர்பாண்டி அதில் உட்கார்ந்து கடைசிக் கடகம் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ரோச் திரும்பி வந்து ஜெட்டி மணலை நிரப்பி, இலையை ஏற்றிக்கொண்டு மூன்றாம் நாள் கொழும்புக்குப் போனார். புறப்படும்வரை ஒரு வார்த்தைகூட ஞானபாயிடம் பேசவில்லை. பெண்பிள்ளை சொல்லித் தனக்குத் தெரிந்தது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவளுக்கும் அவர் நன்றி தேவைப்படவில்லை.

அனுமதியில்லாமல் ஜெட்டிக்குப் போய்த் தோணிக்காரர்களோடு பேசியதற்கு விளக்கம் கேட்டு தாணுலிங்கம் மெமோ கொடுத்தார். 'மணலைப் பற்றிப் பேசினேன். மணல் பட்டியலில் இல்லை' என்று பதில் எழுதினாள். அவர் அதையும் ஃபைலில் சேர்த்தார்.

அடுத்த வருஷம் அணுசக்திக்கு என்று தனிச் சட்டம் வந்தது. பம்பாயிலிருந்து ஒரு விஞ்ஞான அதிகாரி துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தாணுலிங்கம் புதுச் சட்டை போட்டு, அறிக்கையையும் பிளேட்டையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். அறிக்கையின் அடியில் அவர் பெயர் புதிதாக டைப் ஆகியிருந்தது.

அதிகாரி பிளேட்டைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அருமை. உங்கள் வேலையா? இது என்னவென்று கொஞ்சம் விளக்குங்கள்."

"சாவி, சார்," என்றார் தாணுலிங்கம்.

"அது தெரிகிறது. எத்தனை நாள் வைத்தீர்கள்?"

"அது ஆபீஸ் சாவி சார். வருசக்கணக்கா இங்கதான் இருக்கு."

பக்கத்து மேசையில் ஞானபாய் தலையைத் தூக்கவில்லை. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார். போகும்போது அவளிடம் இரண்டு கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டு, பம்பாயில் இந்த மாதிரி ஆட்கள் தேவை என்று சொன்னார். பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. வரும் என்று அவளும் வாசலைப் பார்க்கவில்லை. ஆனால் தாணுலிங்கத்துக்கு வந்தது. மணல் விஷயத்தில் கவனக்குறைவு என்று ஒரு கண்டனம்.

கண்டனம் வந்த மறுநாளே அவர் கடற்கரையையே பூட்டிவிட்டார். எந்தத் தோணியும் எந்த அடிப்பாரமும் பரிசோதனைச் சான்றில்லாமல் போகக் கூடாது. நல்ல ஓட்டம் இருக்கிற பருவத்தில் முப்பது தோணிகள் ஜெட்டியில் வரிசையாக நின்றன. தண்டல்கள் ஆளுக்கொரு பொட்டலம் மணலோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனையும் அதே கடற்கரையில் அள்ளியது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் எடை போட்டு, காந்தம் காட்டி, ஒரு தாள் எழுதியாக வேண்டும் என்றார் தாணுலிங்கம். ஞானபாய் நாலு நாள் உட்கார்ந்து முப்பது தாளில் முப்பது தடவை 'இது மணல்' என்று எழுதினாள். முப்பதிலும் அவர் கையெழுத்திட்டார். கண்டிப்பான ஆபீசர் என்று பெயர் கிடைத்தது. ஆறு மாதத்தில் பதவி உயர்வோடு சென்னைக்குப் போனார்.

1949-ல் யுத்தகாலத் தற்காலிக ஊழியர்களைக் குறைத்தபோது அவள் பெயர் முதலில் இருந்தது. டைப்பிஸ்ட் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, தன் தராசையும் பத்திரிகைகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்று ஆபீஸில் அவளை வழியனுப்ப ஒரு பிரிவுபசாரம் வைத்திருந்தார்கள். மிக்சரும் காப்பியும் ஏற்பாடு. அவள் அதற்கு நிற்கவில்லை.

உப்பளக் கம்பெனி ஒன்றில் உப்பைச் சோதிக்க ஆள் தேடினார்கள். அதன் மானேஜர், "சர்க்கார் உத்தியோகத்தை ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டார்.

"அங்க தெரிஞ்சதைச் சொன்னா யாருக்கும் வேண்டாம் சார். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, வாரேன்," என்றாள்.

மானேஜர் ஒரு கைப்பிடி உப்பை மேசையில் வைத்து, இது எப்படி என்றார். அவள் விரலில் தொட்டு நசுக்கிப் பார்த்து, மக்னீசியம் கூடுதல், கசக்கும், அதனால்தான் உங்கள் உப்பு மழைக் காலத்தில் கசிகிறது என்றாள். அவர் அன்றைக்கே சேரச் சொன்னார். அங்கே இருபத்தொரு வருஷம் இருந்தாள்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை.